நாக்கு மீனும் இழுவைமடித் தடையும்: யாழ்ப்பாணத் தொழிலாளர் தெரிந்திருக்க வேண்டியவை

நாக்கு மீன் மணலோடு ஒட்டிக் கிடக்கிற மீன். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே இரு பக்கமும் கண் இருக்கும். வளர வளர ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தரையில்தான். அதனால்தான் கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியில் இது எளிதாக அகப்படுகிறது.

அந்த மடிக்குத்தான் தடை. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தை 2017 இல் 11 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தி, இலங்கைக் கடலில் இழுவைமடித் தொழிலைக் குற்றமாக்கினார்கள். இரண்டு ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபா தண்டமும் விதிக்கலாம். திருத்தத்தைத் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன்.

இது இராமேசுவரத்து றோலர்களுக்கான, அதாவது இந்திய இழுவைப் படகுகளுக்கான சட்டம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வெளிநாட்டுப் படகுகளுக்கு 1979 இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2017 திருத்தம் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் படகையும் கட்டுப்படுத்தும். உள்ளூர் இழுவைத் தொழிலாளருக்கு இது வலிக்கிற செய்திதான், கடன்பட்டுப் படகு கட்டியவர்கள் அவர்கள். ஆனாலும் மடியின் அடியில் உள்ள பாரக்கயிறு தரையை உரசிப் போகும்போது கடற்புல்லும் இறால் குஞ்சும் பிஞ்சு மீனும் சேர்ந்தே வருகின்றன. சிறகுவலைக்காரரும் தூண்டில்காரரும் நாளைக்குப் பிடிக்க வேண்டியதும் அதற்குள்தான் போகிறது. தடை சரியென்றே நான் சொல்வேன்.

தங்கூசி வலையும் (ஒற்றை இழை நைலோன் வலை) கூடாது, 2006 இலிருந்து தடை. அது உக்காது. கடலில் தொலைந்தாலும் ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

வெடி, நஞ்சு பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்படிப் பிடித்த மீன் என்று தெரிந்துகொண்டு வாங்குவதும் விற்பதும் குற்றம். சந்தையில் கூறு வைப்பவருக்கும் இது பொருந்தும்.

சரி, முறையாகத் தொழில் செய்ய என்ன வேண்டும்? படகைப் பதிவு செய்திருக்க வேண்டும். விதிகளில் குறிப்பிட்ட தொழில்முறை என்றால் அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். என்ன மீன் என்பதைவிட எந்தப் படகு, எந்த வலை என்பதைத்தான் அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள். முதலில் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போங்கள். புது வலைக்குக் காசு கட்டமுன் அதில் ஒரு துண்டைக் கொண்டுபோய்க் காட்டி, வலைக்கண்ணின் அளவு சரியா, இந்த இடத்தில் போடலாமா என்று கேட்டுவிடுங்கள்.