பட்டா கையில் இருக்கிறது, நிலம் எங்கே?

"ஒரே ப்ரோகிராம், ஒரே தரவு, ஒரே மெஷின். சில நாள் 20 நிமிடத்தில் முடிகிறது, சில நாள் அரை மணி நேரம் இழுக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிறது. ஏன் சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய மெஷினில் இரண்டு பிராசஸர்கள், தாராளமாக ராம், மேலே லினக்ஸ். அலுவலகத்தில் ரீஸ்டார்ட் ஒரு பரிகாரமாகவே ஆகிவிட்டதாம். எனக்குப் பரிகாரங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தப் பரிகாரம் அவ்வப்போது பலிப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

தெரிந்த கதையை வேகமாகக் கடந்துவிடலாம். ஓடும் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும், அதாவது ப்ராசஸுக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் தனித்தனி முகவரி உலகம் ஒன்றைக் காட்டுகிறது. அந்த முகவரிகளைப் பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களாக நறுக்கி, எந்தப் பக்கம் உண்மையான ராமில் எங்கே இருக்கிறது என்று பேஜ் டேபிளில் குறித்து வைத்துக்கொள்கிறது. ப்ராசஸுக்கு அந்த விவரம் தெரியாது, பொதுவாகத் தேவைப்படுவதும் இல்லை.

சிக்கல் ராம் இரண்டு ஊராகப் பிரிந்ததில் தொடங்குகிறது. 2003இல் ஏஎம்டியின் ஆப்டெரான், 2008இல் இன்டெலின் நெஹலெம் என்று, சர்வர் பிராசஸர்கள் ராமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. இரண்டு சாக்கெட் (பிராசஸர் பொருத்தும் இடம்) உள்ள மெஷினில் பாதி ராம் இந்தப் பிராசஸரின் பக்கத்தில், மீதிப் பாதி அந்தப் பிராசஸரின் பக்கத்தில். அடுத்த ஊர் ராமைத் தொட வேண்டுமானால் நடுவில் உள்ள இணைப்பைக் கடந்து போய்வர வேண்டும். இந்த அமைப்புக்கு நியூமா என்று பெயர், ஒவ்வொரு ஊரும் ஒரு நோட். லினக்ஸில் நியூமாசிடிஎல் கட்டளையை ஹார்ட்வேர் என்ற தேர்வோடு கொடுத்தால் ஒரு தூர அட்டவணை வரும்: சொந்த நோட் 10, பக்கத்து நோட் பல மெஷின்களில் 21. இந்த எண்கள் ஒரு குத்துமதிப்புதான். நிஜத்தில் தாமதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பக்கம் எந்த ஊரில் விழும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ப்ரோகிராம் "8 ஜிபி வேண்டும்" என்று கேட்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் உடனே "எடுத்துக்கொள்" என்கிறது. ஆனால் ஒரு பைட் ராமைக்கூட அப்போது ஒதுக்குவதில்லை. கையில் கிடைப்பது பட்டா மட்டும், நிலம் இன்னும் அளக்கப்படவில்லை. பட்டாவில் உள்ள முகவரியைச் சும்மா படித்துப் பார்த்தாலும் கெர்னல் ஏமாற்றிவிடும்: பூஜ்யங்களால் நிரம்பிய பொதுப் பக்கம் ஒன்றை எடுத்து எல்லோருக்கும் அதையே காட்டும். முதல் முறை எழுதும்போதுதான் ஏர் மண்ணில் படுகிறது. அங்கே நிலம் இல்லை என்று பிராசஸர் கண்டுபிடித்து, ப்ரோகிராமை அப்படியே நிறுத்திவிட்டுக் கெர்னலைக் கூப்பிடுகிறது. பேஜ் ஃபால்ட் என்பது இதைத்தான். கெர்னல் ஓடி வந்து, ஏர் பிடித்தவர் எந்த ஊரில் நிற்கிறார் என்று பார்த்து, அந்த ஊரிலேயே 4 கிலோபைட் அளந்து கொடுத்து, பேஜ் டேபிளில் எழுதிவிட்டுப் போகிறது. நிறுத்தப்பட்டதே தெரியாமல் ப்ரோகிராம் தொடர்கிறது. 8 ஜிபி என்றால் இப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள்!

யார் கேட்டது என்பதற்கு இங்கே மதிப்பில்லை, யார் முதலில் தொட்டது என்பதற்குத்தான் மதிப்பு. ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் 32 வேலை இழைகள், அதாவது த்ரெட்கள், சேர்ந்து உழைக்கப்போகும் ஒரு பெரிய தரவு வரிசையை, முதல் த்ரெட் மட்டும் தனியாக உட்கார்ந்து பூஜ்யத்தால் நிரப்பிவிட்டால் என்ன ஆகும்? இடம் இருக்கும்வரை மொத்த நிலமும் அது நிற்கும் ஊரிலேயே அமைந்துவிடும். அப்புறம் பாதி த்ரெட்கள் ஒவ்வொரு முறையும் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டியதுதான்.

இதைப் பயனர் கண்ணால் பார்க்க ஒரு ஜன்னல் வேண்டும். ஓடும் ப்ராசஸ்களைக் கோப்புகள் போலக் காட்டும் ப்ராக் அடைவு லினக்ஸில் உண்டு. அதில் உங்கள் ப்ராசஸின் எண்ணுக்குள் நுழைந்தால் நியூமா_மேப்ஸ் என்ற கோப்பு இருக்கும். 2005இல் வந்த 2.6.14 கெர்னலில் இருந்து இருக்கிறது. ஒவ்வொரு வரியும் நினைவகத்தின் ஒரு பகுதி: தொடக்க முகவரி, ஒதுக்கீட்டுக் கொள்கை, எந்தக் கோப்பிலிருந்து வந்தது, கடைசியில் "என்0=5120 என்1=12" மாதிரி ஊர்வாரிப் பக்கக் கணக்கு (என்0 என்றால் நோட் 0). வட்டில் இப்படி ஒரு கோப்பு கிடையாது. நீங்கள் திறந்து படிக்கும் கணத்தில் கெர்னல் பேஜ் டேபிளை நடந்து பார்த்து, எண்ணி எழுதித் தருகிறது. அதனால் ராம் நிறைய பிடித்திருக்கும் ப்ராசஸில் இதை நொடிக்கு நொடி படிக்காதீர்கள். மொத்தக் கணக்கு போதும் என்றால் நியூமாஸ்டாட் கட்டளையே கூட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் அவசரப்பட்டவர்கள் எஸ்ஜிஐ மாதிரி ராட்சத மெஷின் செய்தவர்கள். 2004இல் நாசா நிறுவிய கொலம்பியா சூப்பர் கம்ப்யூட்டர், ஒவ்வொன்றிலும் 512 பிராசஸர்கள் கொண்ட 20 எஸ்ஜிஐ ஆல்டிக்ஸ் மெஷின்களின் தொகுப்பு. சாமானியனுக்கு எதற்கு இது என்று அன்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் 2017இல் வந்த ஏஎம்டியின் முதல் எபிக் சர்வர் சிப்பில் ஒரே சாக்கெட்டுக்குள் நான்கு நோட்கள். உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக்கொண்டே ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் கமிட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வருகிறது.

ஜன்னலை எவ்வளவு அகலமாகத் திறப்பது என்பது தனிப் பிரச்சினை. 2008இல் பேஜ்மேப் என்ற இன்னொரு கோப்பு வந்தது. ஊர் மட்டுமல்ல, ஒவ்வொரு பக்கத்தின் சர்வே நம்பரையே, அதாவது உண்மை ராமில் அது எத்தனையாவது பக்கம் என்பதையே சொல்லிவிடும். 2015இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ரோஹேமர் தாக்குதலைச் செய்து காட்டினார்கள். ராமில் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால் பக்கத்து வரிசையில் சில பிட்கள் தானாகக் கவிழ்ந்துவிடும்! எங்கே தட்டுவது என்று தெரிந்துகொள்ள இந்த சர்வே நம்பர் வசதியாக இருந்தது. 4.0 கெர்னல் சாதாரணப் பயனருக்குக் கோப்பையே பூட்டியது. அதை நம்பியிருந்த கருவிகள் உடைந்தன. 4.2இல் சமரசம்: கோப்பைத் திறக்கலாம், ஆனால் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வரும். நல்ல தீர்வு என்பது என் கட்சி. வேகத்தைச் சரிசெய்ய ஊர் பெயர் போதும்.

வாசகருக்கு வருகிறேன். மெதுவாக ஓடும் நாளில் நியூமா_மேப்ஸ் கோப்பை அனுப்பச் சொன்னேன். பெரிய பகுதிகள் எல்லாம் என்0இல் இருந்தன, ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்ததோ நோட் 1இல். நோட் 0இல் கூட்டம் கூடியதும், எது எந்தப் பிராசஸரில் ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் அதை அடுத்த ஊருக்குத் தூக்கிப் போட்டிருக்கிறது, நிலம் பழைய ஊரிலேயே தங்கிவிட்டது. 2013 முதல் கெர்னலே இதைக் கவனித்துப் பக்கங்களை நகர்த்தப் பார்க்கும், ஆனால் அவர் மெஷினில் யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். ரீஸ்டார்ட் செய்தால் ஆளும் நிலமும் மறுபடி ஒரே ஊரில் தொடங்கும். அடுத்த கூட்டம் வரும்வரை அது பலிக்கும். நியூமாசிடிஎல் மூலம் ஆளையும் நிலத்தையும் ஒரே நோட்டில் கட்டிப்போடச் சொன்னேன். இப்போது தினமும் 20 நிமிடம்தானாம். ஆனாலும் அலுவலகத்தில் திங்கட்கிழமை ரீஸ்டார்ட் நிற்கவில்லையாம்.