நிறத்தைப் பார்த்து பிரெட் வாங்காதீர்கள்

சர்க்கரை நோய்க்கு உணவுமுறை கேட்டு வருபவர்களில் பலர் உட்கார்ந்ததும் சொல்வது இதுதான்: “நாங்க பிரவுன் பிரெட்தான் வாங்குறோம்.” என்ன மாவு என்று கேட்டால் பதில் இருக்காது. பழுப்பாக இருக்கிறதே, போதாதா என்ற பார்வைதான் வரும்.

போதாது. மைதாவில் கொஞ்சம் கேரமல் நிறமியோ மால்ட் சாறோ சேர்த்தால் எந்த பிரெட்டும் பழுப்பாகிவிடும். மேலே நாலு ஓட்ஸைத் தூவினால் ‘மல்டிகிரெயின்’. உறையின் முன்பக்கம் விளம்பரம்; பின்பக்கம் திருப்புங்கள். உட்பொருட்கள் அங்கே எடை வரிசையில் இருக்கும், அதிகம் உள்ளது முதலில். முதல் பெயர் ‘ஹோல் வீட் ஃப்ளோர்’, அதாவது முழுக்கோதுமை மாவு என்று இருக்க வேண்டும். ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்’ என்றால் மைதா. வெறும் ‘வீட் ஃப்ளோர்’ என்று போட்டிருந்தாலும் மைதாவாக இருக்கலாம். மைதாவும் கோதுமையிலிருந்துதானே வருகிறது! ‘வீட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள்.

எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு: பட்டியலில் உப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரெட்டில் உப்பு, மாவின் எடையில் சுமார் 2 சதவீதம். 400 கிராம் பிரெட்டில் ஒரு டீஸ்பூன் அளவுதான். ராகி, ஓட்ஸ், ஆளி விதை எல்லாம் உப்புக்குப் பின்னால் வந்தால், மொத்த பிரெட்டிலும் அவை ஒவ்வொன்றும் அந்த அளவைத் தாண்டாது. நார்ச்சத்து 100 கிராமுக்கு 6 கிராமாவது இருக்கட்டும்.

அசல் முழுக்கோதுமை பிரெட்டே கிடைத்தாலும் இஷ்டத்துக்குச் சாப்பிட முடியாது. மாவு நைஸாக அரைபடுவதால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் வெள்ளை பிரெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லாபம் நார்ச்சத்தில்தான். இரண்டு ஸ்லைஸ், நடுவில் முட்டையோ பனீரோ சுண்டலோ. வெறும் ஜாம் தடவிக் கொடுப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும். ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி, வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டுபோகும். இரண்டு மூன்று நாளில் தீராது என்றால் இரண்டிரண்டு ஸ்லைஸாகப் பொதிந்து ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் அப்படியே டோஸ்ட் செய்யலாம்.

சாண்ட்விச் சொதசொதவென்று ஆகிறது என்ற புகார் ஓயாது. குற்றவாளி தக்காளி. 3, 4 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டி, விதைக்கூழை வழித்தெடுத்து, துணியில் ஒற்றுங்கள். உப்பைப் பரிமாறும்போது தூவுங்கள். முன்கூட்டியே போட்டால் தண்ணீர் விடும். வெண்ணெயை நடுவில் மட்டும் தடவாமல் ஓரம்வரை இழுங்கள். அந்தக் கொழுப்புதான் ஈரத்தைத் தடுக்கும். தக்காளியும் வெள்ளரியும் சீஸுக்கும் முட்டைக்கும் நடுவே இருக்கட்டும், பிரெட்டைத் தொட வேண்டாம். சிறு தீயில் பக்கத்துக்கு 2, 3 நிமிடம் டோஸ்ட் செய்யுங்கள். எடுத்ததும் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்க்கும். கம்பி வலைமேல் ஆறவைத்துப் பிறகு டப்பாவில் போடுங்கள்.

மயோனைஸ் கலந்த முட்டையோ கோழியோ வெளியில் 2 மணி நேரம்தான் தாங்கும். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் 1 மணி நேரம். காலை ஏழு மணிக்குக் கட்டி மதியம் பன்னிரண்டரைக்குக் குழந்தை சாப்பிடுகிறதே, அந்த டப்பாவுக்கு இது ஆகாது. ஐஸ் பேக் வையுங்கள், அல்லது வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம் என்று மாற்றுங்கள். பச்சை முட்டையில் வீட்டிலேயே அடித்த மயோனைஸ் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, பூஞ்சை. பச்சைப் புள்ளி இருக்கும் இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது சிக்கனம் இல்லை. பிரெட் பஞ்சு போன்றது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். முகர்ந்து பார்க்காமல் பாக்கெட்டோடு குப்பையில் போடுங்கள். அது இருந்த டப்பாவை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பிரெட்டை வையுங்கள்.