தண்ணீரிலேயே ஓடும் படகு இன்ஜின் ஏன் கொதிக்கிறது?

பூலாம்பட்டியில் ஏறி நெருஞ்சிப்பேட்டையில் இறங்கும் அந்தக் காவிரிப் பரப்பில் அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) மாட்டிய படகு ஒன்று போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஆற்றுத் தண்ணீரையே கீழே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடும்.

உறிஞ்சுவது ஓர் இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றும் இறக்கைச் சக்கரம். கோயமுத்தூர்ப் பக்கம் இம்பெல்லர் என்றதும் மோனோபிளாக் பம்பின் உலோகச் சக்கரம்தான் ஞாபகம் வரும், இது ரப்பர். பம்புக் கூட்டின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுற்றுவதால், இறக்கை விரியும் பக்கம் தண்ணீரை இழுக்கும், மடங்கும் பக்கம் மேலே தள்ளும். வேகம் கூடினால் தண்ணீரின் அழுத்தமே இறக்கைகளைச் சுவரிலிருந்து விலக்கிவிட, அப்புறம் அதுவும் மோனோபிளாக் மாதிரி வீசித்தான் தள்ளும்.

கோளாறைக் கண்டுபிடிக்க இது ஒன்று போதும். ஸ்லோவில் சூடு ஏறி, வேகமெடுத்தால் குறைகிறதா? பெரும்பாலும் இறக்கை தேய்ந்து சுவரைத் தொடாமல் சுற்றுகிறது. ஸ்லோவில் ஒன்றுமில்லை, முழு வேகத்தில்தான் சூடு என்றால் எங்கோ அடைப்பு. முதலில் கீழே தண்ணீர் நுழையும் சல்லடையைப் பாருங்கள், ஆகாயத்தாமரை வேரோ பிளாஸ்டிக் கவரோ சிக்கியிருக்கும்.

உள்ளே தண்ணீர் சுற்றுகிறது என்று காட்ட இன்ஜினின் பக்கவாட்டில் மெல்லிசாகப் பீச்சுமே ஒரு தண்ணீர், அது நின்றதும் பதறி பம்பைக் கழற்ற வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு அந்தத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், பல நேரம் மண்தான். அது நன்றாகப் பீச்சினாலும் நம்பிவிட முடியாது. பல இன்ஜின்களில் அந்தத் தண்ணீர் தெர்மோஸ்டாட்டுக்கு (சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை விடும் வால்வு) முன்பே பிரிந்து வருவது, அதனால் தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிப்போனாலும் வெளியே எல்லாம் ஜோராகத் தெரியும், உள்ளே கொதிக்கும். கழற்றி, தெர்மாமீட்டரோடு வெந்நீரில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். கார் தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல் திறக்கும், இது பெரும்பாலும் 60-ஐ ஒட்டியே திறந்துவிட வேண்டும்.

கரையில் தண்ணீரே இல்லாமல் 'சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற' பழக்கம்தான் ரப்பருக்கு எமன். நனைக்கத் தண்ணீர் இல்லாததால் உராய்வுச் சூட்டிலேயே கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். புதிது மாட்டும்போது பழைய இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே ஏறி எங்கோ குழாயில் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுக்காமல் மூடினால் புது இம்பெல்லரும் அதே அடைப்பைத்தான் முட்டிக்கொண்டிருக்கும்.