பத்து வட்டாரம் வென்றும் பெரும்பான்மை இல்லை

இலங்கையின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்காளர் இடுவது ஒரே புள்ளடி. அது இருமுறை கணக்கில் வருகிறது: வட்டாரத்தில் (சபைப் பகுதியின் சிறு தொகுதியில்) வென்றவர் யார், சபையில் கட்சிக்கு எத்தனை ஆசனம். கட்சிக்குள் வேட்பாளரைத் தெரியும் விருப்பு வாக்கு கிடையாது.

2012இன் சட்டம் ஆசனங்களில் 70 வீதத்தை வட்டாரத்துக்கும் 30 வீதத்தைக் கட்சிகளின் பெயர்ப் பட்டியலுக்கும் கொடுத்தது. 2017 திருத்தம் அதை 60:40 ஆக்கியது. 2018 பெப்ரவரியில் இந்த முறையிலான முதல் தேர்தல் நடந்தது.

வட்டார எல்லை வகுக்கும்போது சனத்தொகை, இனப்பரம்பல், நில அமைப்பு போன்றவற்றைப் பார்க்கிறார்கள். வெவ்வேறு இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் எல்லையால் அவர்களைப் பிரிக்க முடியாது. அங்கே இரண்டு அல்லது மூன்று உறுப்பினர் வட்டாரம் அமைகிறது. முதலிடம் பெறும் கட்சிக்கே அத்தனை ஆசனமும். அது எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் நிறுத்தும் என்பது நம்பிக்கை மட்டுந்தான்.

ஒரு கற்பனைச் சபை: 20 ஆசனம், அதில் 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 40,000. வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு 2,000. 'அ' கட்சி 18,000 (10 வட்டாரம்), 'ஆ' 13,000 (2 வட்டாரம்), 'இ' 6,600, 'ஈ' 2,400. முழு எண்படி 9, 6, 3, 1. மிஞ்சிய ஓர் ஆசனம், அதிக மீதி வாக்கு (1,000) வைத்திருக்கும் 'ஆ'வுக்குப் போய் அது 7 ஆகும். பட்டியலில் 'ஆ' 5, 'இ' 3, 'ஈ' 1 பெறும். 'அ'வுக்கு உரித்து 9, வென்றதோ 10. வென்ற வட்டாரத்தைப் பறிக்க முடியாது. ஆகவே சபை 21 ஆகப் பெருகும். பன்னிரண்டில் பத்தை வென்ற கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை!

எல்லையை வளைத்துக் கூடுதல் வட்டாரம் பிடிப்பதால் இங்கே இலாபம் குறைவு. ஒரு வட்டாரம் கூடினால் பட்டியலில் ஒன்று குறையும். உரித்தைத் தாண்டிய பிறகு வெல்லும் ஒவ்வொரு வட்டாரமும்தான் மிகை. அந்த மிகை ஆசனங்களும் சேர்ந்து, முன்பு ஏறத்தாழ 4,500 ஆக இருந்த நாட்டின் மொத்த உறுப்பினர் தொகை 2018இல் 8,000ஐத் தாண்டியது. செலவு யார் தலையில் என்று சொல்ல வேண்டியதில்லை.

பலவீனம் பட்டியலில் இருக்கிறது. அதிலிருந்து யார் போவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சிச் செயலாளர் தீர்மானிக்கிறார். வட்டாரத்தில் தோற்றவரும் உள்ளே வரலாம். ஆனால் பெண்களுக்கான 25 வீதத்தை நிரப்ப வழி செய்வதும் இதே பட்டியல்தான். வட்டாரத்தில் பெண்களை நிறுத்தக் கட்சிகள் தயங்கும்.

எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காத சபையில், உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டும் முதற் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்துத் தவிசாளரை (சபைத் தலைவரை) தெரிவார்கள். பகிரங்க வாக்கெடுப்பா இரகசிய வாக்கெடுப்பா என்பதிலேயே முதல் சண்டை தொடங்கிவிடும்.