லினக்ஸில் டயல்-அப் சிக்கல்: அழைப்பு எதுவரை போய் நின்றது?

அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று மூடியது. இந்தியாவில் விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது வாசலாக இருந்ததும் இதே தொலைபேசிக் கம்பிதான். வீட்டு இணையத்துக்கென்று இன்று யாரும் மோடம் வாங்குவதில்லை. ஆனால் தொலைவில் இருக்கும் சர்வருக்கு மாற்றுவழி வைத்திருப்பவர்கள், ரௌட்டரின் கன்சோல் போர்ட்டில் மோடம் மாட்டியிருப்பவர்கள், பழைய கருவிக்குப் போன் போட்டுத் தரவு எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்ற இணைப்பெல்லாம் படுத்துவிட்ட நாளில்தான் அவர்களுக்கு மோடம் தேவைப்படும். அது வேலை செய்யவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

இணைப்பு கிடைக்காதபோது பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது கடவுச்சொல்லில். அடுத்து அமைப்புக் கோப்பை மாற்றுவார்கள், அதற்கும் மசியாவிட்டால் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவார்கள். இதில் எதையும் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அழைப்பு எதுவரை போனது? கணினி போர்ட்டைப் பிடிக்கிறது, போர்ட் மோடத்தோடு பேசுகிறது, மோடம் லைனைப் பிடிக்கிறது, எதிர்முனை மோடத்தோடு ஒத்துப்போகிறது, அதன்மேல் பிபிபி (போன் இணைப்பில் இணையத் தரவை ஏற்றிச் செல்லும் நெறிமுறை) ஓடுகிறது, கடைசியில் ரூட்டும் பெயர்த் தேடலும். எதிர்முனை மோடம் எடுக்கவே இல்லையென்றால் கடவுச்சொல் இன்னும் கணினியை விட்டு வெளியே போகவில்லை. அதை மாற்றி என்ன பயன்?

(கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் இடுங்கள்.)

போர்ட்

வெளியே வைக்கும் சீரியல் மோடம் என்றால் விண்டோஸில் காம்1 என்பது லினக்ஸில் /டெவ்/டிடிஒய்எஸ்0, காம்2 என்பது டிடிஒய்எஸ்1. யூஎஸ்பி மோடம் பொதுவாக டிடிஒய்ஏசிஎம்0 என்று வரும். செருகியவுடன் டிமெஸ்ஜி கட்டளையில் கெர்னலின் செய்திகளைப் பாருங்கள். சிடிசி-ஏசிஎம் டிரைவர் பிடித்துக்கொண்டதாக ஒரு வரி வந்தால் பாதி வேலை முடிந்தது. யூஎஸ் ரோபாட்டிக்ஸ் 5637 போன்றவை இப்படித் தனி டிரைவர் கேட்காமலே வேலை செய்யும்.

பழைய மடிக்கணினிகளின் உள்ளே இருக்கும் மோடமும், மலிவு விலை பிசிஐ அட்டைகளும் வேறு ரகம். அவற்றுக்கு விண்மோடம் என்று பெயர். மோடம் செய்ய வேண்டிய கணக்கையெல்லாம் கணினியின் தலையில் கட்டிவிட்டு, அட்டையில் லைனோடு சேரும் பகுதியை மட்டும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சிப்புக்கும் தனி டிரைவர் வேண்டும். ஸ்மார்ட்லிங்க் என்றால் எஸ்எல்மோடம்டி, லூசென்ட் என்றால் எல்டிமோடம். கோனெக்ஸன்ட் சிப்புக்கு லினக்ஸன்ட் தந்த இலவசப் பதிப்பு 14.4 கேபிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். இன்றைய கெர்னலில் இவற்றை உயிர்ப்பிக்க இரண்டு நாள் செலவழிப்பதைவிட, கணக்கைத் தானே செய்துகொள்ளும் (கன்ட்ரோலர் உள்ள) ஒரு யூஎஸ்பி மோடம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

போர்ட் இருந்தும் திறக்க முடியவில்லையா? டெபியன், உபுண்டுவில் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும், சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். வேறு ஏதாவது புரோகிராம் போர்ட்டைப் பிடித்திருக்கிறதா என்று ஃபியூசர் கட்டளை சொல்லிவிடும். பெரும்பாலும் இரண்டு பேர் மாட்டுவார்கள்: மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, அல்லது சர்வரில் சீரியல் கன்சோலுக்காக ஓடும் கெட்டி (லாகின் கேட்கும் நிரல்). மோடம்மேனேஜரை நிறுத்திவிட்டு முயன்றாலே பல 'மர்மக் கோளாறுகள்' மறைந்துவிடும்.

மோடம் பதில் சொல்கிறதா?

மினிகாம் என்ற டெர்மினல் புரோகிராமில் போர்ட்டைத் திறந்து ஏடி என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'ஓகே' வர வேண்டும். அடித்த எழுத்து திரையில் தெரியாமல் ஓகே மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம், ஏடிஇ1 கொடுத்தால் எழுத்து தெரியும். ஓகே வருவதற்குப் பல விநாடி பிடித்தால், அல்லது எழுத்துகள் துண்டு துண்டாக வந்தால், அது ஐஆர்கியூ (போர்ட் கணினியைக் கூப்பிடும் எண்) தவறாக இருப்பதன் அடையாளம். டிடிஒய்எஸ்0-க்கு 3எஃப்8 முகவரியும் ஐஆர்கியூ 4-ம், டிடிஒய்எஸ்1-க்கு 2எஃப்8-ம் ஐஆர்கியூ 3-ம் வழக்கம். செட்சீரியல் மூலம் சரிபாருங்கள். அதே இடத்தில் யூஆர்ட் (சீரியல் போர்ட்டின் சிப்) வகை 16550ஏ என்று இருக்க வேண்டும். அதில் 16 பைட் தேக்கம் உண்டு. பழைய 16450 ஒரு பைட்டோடு நிற்பதால் 115200 வேகத்தில் தகவலைச் சிந்திவிடும்.

ஓகே வந்தபின் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்புங்கள். பொதுவாக ஏடி&எஃப். யூஎஸ் ரோபாட்டிக்ஸில் ஏடி&எஃப்1 கொடுங்கள், அதில்தான் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (தேக்கம் நிரம்பினால் தனிக் கம்பி வழியாக 'நிறுத்து' என்று சொல்லும் ஏற்பாடு) இருக்கிறது. லினக்ஸில் பிபிபியை நடத்தும் நிரலான பிபிபிடியின் அமைப்பில் சிஆர்டிஎஸ்சிடிஎஸ் என்ற சொல் அதற்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இணைப்பு கிடைக்கும், சின்னப் பக்கங்கள் வரும், பெரிய கோப்பு அனுப்பும்போது மட்டும் தொங்கும்.

காதால் கண்டுபிடிப்பது

ஏடிஎம்1எல்3 கொடுத்து ஒலிபெருக்கியைத் திறந்துவிடுங்கள். எதிர்முனையோடு கேரியர் (மோடங்கள் தரவை ஏற்றும் தொடர் ஒலி) பிடிக்கும்வரை சத்தம் கேட்கும். டயல்டோன், எண்களின் ஒலி, மணி அடிப்பது, பிறகு 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஊளை, அதன்பின் இரைச்சல். இந்த வரிசை எங்கே அறுந்தது என்பதை லாக் சொல்வதற்கு முன்பே காது சொல்லிவிடும்.

ஊளை கேட்கவே இல்லை, 'நோ டயல்டோன்' என்று வருகிறது. முதலில் கம்பியைப் பாருங்கள்: மோடத்தில் லைன், போன் என்று இரண்டு சாக்கெட் உண்டு, மாற்றிச் செருகுவது சாதாரணம். அடுத்து அதே சாக்கெட்டில் சாதாரண போனை மாட்டிக் கேளுங்கள். போனில் டோன் இருந்தும் மோடத்துக்குக் கேட்கவில்லை என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, டோனின் வகை. இந்திய டயல்டோன் அமெரிக்க டோன் மாதிரி இருக்காது. அலுவலக பிபிஎக்ஸின் (உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) டோன் இன்னொரு மாதிரி. ஏடி+ஜிசிஐ? கொடுத்து நாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். இந்தியாவுக்கு 53, அமெரிக்காவுக்கு பி5. மாற்றியும் கேட்கவில்லை என்றால் ஏடிஎக்ஸ்3 கொடுங்கள். டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும், பிஸியை மட்டும் கவனிக்கும். வெளி லைனுக்கு 0 அழுத்தும் பிபிஎக்ஸில் எண்ணுக்கு முன் 0 போட்டு ஒரு காற்புள்ளி இடுங்கள். ஒரு காற்புள்ளி வழக்கமாக 2 விநாடி இடைவெளி.

இரண்டாவது வாய்ப்பு கசப்பானது. ஏடி-க்கு ஓகே வருகிறது, ஏடிஎக்ஸ்3 கொடுத்தும் எண்கள் லைனுக்குப் போகவே இல்லை, பக்கத்தில் இருக்கும் போனில் எந்தச் சலனமும் இல்லை. இடி மின்னல் நாளுக்குப் பிறகு இப்படி ஆகியிருந்தால், லைனோடு சேரும் பகுதி கருகிவிட்டது என்று பொருள். மோடத்தின் மூளை உயிரோடு இருக்கும், காதும் வாயும் போயிருக்கும். பவர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போன் கம்பியை அப்படியே விடுவதால் வரும் வினை இது.

செம்பு போய் ஃபைபர் வந்த வீடுகள்

பல ஆண்டு ஓடிக்கொண்டிருந்த மோடம் திடீரென்று 'நோ கேரியர்' காட்டினால், லைனில் என்ன மாறியது என்று கேளுங்கள். செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டுவிட்டார்களா? போன் எண் அதேதான், பேசினால் குரல் தெளிவாகவே கேட்கும். ஆனால் குரல் இப்போது பொட்டலங்களாகப் போகிறது. ஜி.729 போன்ற கோடெக் மனிதக் குரலை மட்டும் மனதில் வைத்துச் சுருக்குவதால் மோடத்தின் ஒலி சிதைந்துவிடும். சேவை தருபவரிடம் ஜி.711 கேளுங்கள், மௌனத்தை வெட்டும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். லைனின் எதிரொலியை நீக்கும் எக்கோ கான்சலரை அணைப்பதற்காகவே அந்த 2100 ஹெர்ட்ஸ் ஊளை 450 மில்லி விநாடிக்கு ஒருமுறை கட்டம் புரட்டுகிறது. அதைப் புரிந்துகொள்ளாத பெட்டி நடுவில் இருந்தால் கைகுலுக்கல் பாதியில் நிற்கும். இத்தனைக்குப் பிறகும் சரிவராவிட்டால் +எம்எஸ் கட்டளையால் வேகத்தை 14400 அல்லது 9600-க்கு இறக்குங்கள். அதன் வடிவம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பார்த்து இடுங்கள். கன்சோல் வேலைக்கு 9600 தாராளம்.

செம்பு லைனிலேயே ஏடிஎஸ்எல் அகலப்பட்டையும் இருந்தால் மோடத்துக்கு முன் ஃபில்டர் கட்டாயம்.

வேகம் பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்பும் உண்டு. 1998-இல் வந்த வி.90 தரத்தின் 56 கேபிபிஎஸ், எதிர்முனை நேரடியாக டிஜிட்டல் லைனில் இருந்தால் மட்டுமே சாத்தியம். இரண்டு பக்கமும் சாதாரண மோடம் என்றால் 33.6-தான் உச்சம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். 'கனெக்ட் 115200' என்று வருவதைப் பார்த்து மகிழவும் வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். பல மோடங்களில் ஏடிடபிள்யூ2 கொடுத்தால் லைனின் உண்மை வேகம் தெரியும். 45 கேபிபிஎஸ் கிடைத்தால் 1 எம்பி இறங்க ஏறத்தாழ 3 நிமிடம்.

கனெக்ட் ஆனபிறகு

இனிமேல்தான் பிபிபிடி. டபிள்யூவிடயல் என்ற டயல் செய்யும் நிரலைப் பயன்படுத்துகிறவர்கள், 'என்ன செய்வதென்று தெரியவில்லை, நல்லது நடக்கும் என்று நம்பி பிபிபிடியைத் தொடங்குகிறேன்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரியைப் பார்த்துத் திகைப்பார்கள். எழுதியவரின் குறும்பு அது, பிழைச்செய்தி அல்ல. எதிர்முனை லாகின் கேட்காமல் நேராக பிபிபி பேசினால் பல நேரம் அந்த வரிக்குப் பிறகு இணைப்பு சரியாகவே வந்துவிடும்.

பிபிபிடி அமைப்பில் டீபக் சேருங்கள், லாகைப் பாருங்கள். அது வெளியேறும்போது விடும் எண் ஒரு நோய்க்குறிப்பு மாதிரி. 6 என்றால் போர்ட்டைப் பூட்ட முடியவில்லை, 7 என்றால் திறக்க முடியவில்லை. 8 என்றால் டயல் செய்யும் ஸ்கிரிப்ட் தோற்றது, அதாவது லைன் பக்கம் பாருங்கள். 10 என்றால் பேச்சுவார்த்தை முறிந்தது. 16 என்றால் மோடம் போனை வைத்துவிட்டது. 19 வந்தால்தான் கடவுச்சொல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

11-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்முனை தன்னை அடையாளம் காட்ட மறுத்தது என்று அதற்குப் பொருள். நாம் கேட்கவே இல்லையே என்று தோன்றும். கணினியில் ஏற்கெனவே ஈதர்நெட் வழியாக டிஃபால்ட் ரூட் இருந்தால், பிபிபிடி தானாகவே எதிர்முனையிடம் அடையாளம் கேட்க ஆரம்பிக்கும். சேவை நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. அமைப்பில் நோஆத் என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. அதே ஈதர்நெட் ரூட் இன்னொரு தொல்லையும் தரும்: இணைப்பு கிடைக்கும், ஐபி எண் வரும், ஆனால் எதுவும் திறக்காது. பழைய ரூட் இருக்கும்வரை பிபிபிடி புதியதைப் போடாது. ஐபி ரூட் கட்டளையால் பழையதை நீக்கிவிட்டு டயல் செய்யுங்கள். எண்ணுக்கு பிங் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் அமைப்பில் யூஸ்பியர்டிஎன்எஸ் (எதிர்முனை தரும் பெயர்த் தேடல் சர்வரை எடுத்துக்கொள்ளும் சொல்) விட்டுப்போயிருக்கும்.

'எல்சிபி டைம்அவுட்' என்ற வரி வந்தால் எதிர்முனையில் பிபிபி ஓடவில்லை. 'லைன் தன்னையே எதிரொலிக்கிறது' என்ற பொருளில் வந்தால் அங்கே லாகின் கேட்டுக்கொண்டு ஏதோ நிற்கிறது, நாம் அனுப்புவதையே திருப்பி அனுப்புகிறது. மினிகாமில் கையால் டயல் செய்து பாருங்கள். உள்ளே நுழைந்தபின் கிறுக்கல் எழுத்துகளும் அலைக்குறிகளும் ஓடினால் அதுதான் பிபிபி.

கடவுச்சொல்லிலேயே சிக்கல் என்று உறுதியானால் கடவுச்சொல் இருக்கும் பேப்-சீக்ரெட்ஸ் கோப்பைத் திறங்கள். வரிசை: பயனர் பெயர், சர்வர், கடவுச்சொல். கடவுச்சொல்லில் # இருந்தால் அதற்குப் பிந்தைய பகுதி குறிப்புரையாகிக் காணாமல் போகும், மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கோப்பின் உரிமை 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும். பிபிபிடி தன் லாகில் கடவுச்சொல்லை மறைத்துவிடும், ஆனால் டயல் செய்யும் சாட் ஸ்கிரிப்டை -வி போட்டு ஓட்டினால் அது அனுப்பும் கடவுச்சொல் அப்படியே லாகில் பதியும். அதற்கு முன் \கியூ சேர்த்தால் கேள்விக்குறிகள் மட்டும் விழும். உதவி கேட்டு லாகை இணையத்தில் ஒட்டுகிறவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி துண்டிக்கிறதா? கால் வெயிட்டிங் பீப் ஒன்று போதும் கேரியரை விழுத்த. எஸ்10 என்ற பதிவேடு, கேரியர் போனபின் மோடம் போனை வைக்காமல் காட்டும் பொறுமை, விநாடியில் பத்தில் ஒரு பங்கு கணக்கில். பல மோடங்களில் 14 இருக்கும், அதாவது 1.4 விநாடி. எஸ்10=50 ஆக்கிப் பாருங்கள். அதே லைனில் இருக்கும் இன்னொரு போனை யாராவது எடுத்தால் மட்டும் இதுவும் காப்பாற்றாது.

பூட்டாத பின்வாசல்

பிபிபிடியின் 2.4.2 முதல் 2.4.8 வரையிலான பதிப்புகளில் இஏபி (அடையாளம் சரிபார்க்கும் ஒரு முறை) பகுதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது (சிவிஇ-2020-8597). கடவுச்சொல் சரிபார்க்கும் முன்பே எதிர்முனையிலிருந்து உள்ளே புக முடியும். பழைய பெட்டி என்று அப்டேட் செய்யாமல் விட்டவற்றில் அது இன்னும் இருக்கலாம். பிபிபிடி --வெர்ஷன் கொடுத்துப் பாருங்கள். 2.4.9-க்கு முந்தைய எண்ணாக இருந்தால், உங்கள் லினக்ஸ் வெளியீடு திருத்தத்தைப் பழைய எண்ணிலேயே சேர்த்திருக்கிறதா என்று மாற்றக் குறிப்பில் தேடுங்கள்.

வெளியே அழைப்பதற்காக மட்டும் வைத்த மோடம் உள்ளே வரும் அழைப்பை எடுக்கிறதா என்பதையும் சோதியுங்கள். ஏடிஎஸ்0? கொடுத்தால் 000 வர வேண்டும். 001 வந்தால் முதல் மணிக்கே எடுத்துவிடும். முந்தைய உரிமையாளர் ஏடி&டபிள்யூ கொடுத்துச் சேமித்துப்போனது பல ஆண்டு கழித்தும் மோடத்துக்குள் அப்படியே இருக்கும். ஏடிஎஸ்0=0, பிறகு ஏடி&டபிள்யூ.