வசனங்களுக்கு நடுவே வர்ணனையைச் செருகினால் நாவலாகிவிடாது

வரலாற்றுக்குள் காலப்பயணம் செய்யும் தொலைக்காட்சித் தொடரை நாவலாக்கிய கைப்பிரதி மறுபடியும் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்திலேயே “காட்சி இப்போது அரண்மனைக்கு மாறுகிறது” என்று எழுதியிருக்கிறார்கள். இத்தகைய பிரதிகளைத் திருப்பி அனுப்பி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

கதையும் வசனமும் தயாராக இருக்கின்றன, இடையிடையே வர்ணனை சேர்த்தால் வேலை முடிந்தது என்ற எண்ணமே எல்லாக் குழப்பத்துக்கும் வேர். திரையில் ஒரு நடிகர் படியேறி வரும்போதே உடையும் தூணும் தீப்பந்தமும் எந்தக் காலம் என்பதைச் சொல்லிவிடுகின்றன. நாவலில் அவற்றை யாராவது ஒருவர் பார்த்துச் சொல்லியாக வேண்டும். நம் காலத்திலிருந்து போன பயணிக்குப் போரின் முடிவு தெரியும், எதிரில் கிடக்கும் கருவியின் பெயர் தெரியாது. அங்கேயே பிறந்த காவலனுக்குக் கருவியின் பெயர் தெரியும், போரின் முடிவு தெரியாது. இந்த இருவர் அறிவையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது வாசகருக்குப் புரியாமல் போகிறது. எனக்கு வரும் பிரதிகளில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன.

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ என்ற காலப்பயணத் தொடரில் 1965இல் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பான சிலுவைப்போர்க் கதையை, அதை எழுதிய டேவிட் விட்டேக்கரே 1966இல் நாவலாக்கினார். வரலாற்றை ஏன் மாற்ற முடியாது என்று பயணிகள் தம் காலப்பயணக் கலத்துக்குள் பேசிக்கொள்ளும் முன்னுரை ஒன்றை, தொலைக்காட்சிக் கதையில் இல்லாத அதை, புதிதாகச் சேர்த்தார். இளம் ராபர்ட் கிளைவ் தன்னைச் சுட்டுக்கொள்ள முயன்றபோது துப்பாக்கி வெடிக்க மறுத்ததாகச் சொல்லப்படும் சென்னைக் காலத்துக் கதை அதில் சான்றாக வருகிறது. வாராவாரம் பார்த்தவர்களுக்கு, வரலாற்றை மாற்ற முடியாது என்ற அந்த விதி பழகியிருந்தது. நாவலை மட்டும் கையில் எடுப்பவரோ, சிலுவைப்போரில் இறங்கிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை எச்சரித்தால் என்ன என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்பார். அதே கதையில் ரிச்சர்ட், தம் தங்கை ஜோனை, எதிரணியின் சுல்தான் சலாதீனின் தம்பி அல்-அடிலுக்கு மணமுடிக்கத் திட்டமிடுகிறார். அந்தத் திருமணம் நடக்கவில்லை என்பதை எவரும் வரலாற்றில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதால், நடக்குமா என்பதில் பதற்றத்தை வைக்க இடமில்லை. தன்னைக் கேட்காமல் பேரம் பேசியதை அறிந்த ஜோனின் சீற்றத்தில் வைக்கலாம்.

அதே தொடருக்கு எழுதிய டொனால்ட் காட்டன் இன்னொரு வழியைக் கண்டார். 1965இல் தாம் எழுதிய ட்ராய் போர்க் கதையை 1985இல் நாவலாக்கியபோது அந்தப் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரையே கதைசொல்லியாக்கினார். அதே தொடருக்கு டென்னிஸ் ஸ்பூனர் எழுதிய, ரோமப் பேரரசர் நீரோ காலத்துக் கதையைக் கடிதங்களாகவும் நாட்குறிப்புகளாகவும் மாற்றியமைத்தார். யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்விக்கு இந்த வடிவங்களே விடையாகின்றன. (அந்த ட்ராய் கதையின் நான்கு பகுதிகளும் பிபிசியிடம் இன்று படமாக இல்லை, ஒலிப்பதிவுதான் எஞ்சியிருக்கிறது. பலருக்கு அந்த நாவலே கதை.)

ஆகவே எழுத உட்காரும் முன் ஒவ்வொரு காட்சிக்கும் பார்ப்பவர் யார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு வீரன் “ஐந்து நிமிடம்” என்று எண்ணக் கூடாது. தயவுசெய்து அதைக் கவனியுங்கள். விளம்பர இடைவேளைக்காக வைத்த திருப்பங்களை அத்தியாய முடிவுகளாக அப்படியே இறக்காதீர்கள்.

உரிமை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரிச்சர்டும் நீரோவும் யாருக்கும் சொந்தமில்லை. தொடரில் படைக்கப்பட்ட பாத்திரங்களும் வசனங்களும் சொந்தக்காரர் உள்ளவை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமை அதன் உரிமையாளருடையது. திரைக்கதையும் படமாக்கப்பட்ட தொடரும் தனித்தனிப் படைப்புகள் என்பதால், எழுத்தாளரிடம் கேட்க வேண்டுமா, நிறுவனத்திடமா, இருவரிடமுமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். தீவிர ரசிகர் என்பதோ, பாத்திரப் பெயர்களை மாற்றிவிட்டோம் என்பதோ அனுமதிக்கு ஈடாகாது. எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெற்று, அதன் நகலைக் கைப்பிரதியோடு இணைத்து அனுப்புங்கள்.