அலை மின்கருவி: கிலோவாட்டுக்கு முன் புயலைப் பாருங்கள்

கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் புதிய அலை மின்கருவியின் திட்ட அறிக்கை கைக்கு வந்தால், பலரின் கண்ணும் ஜெனரேட்டரின் கிலோவாட்டில்தான் நிற்கிறது. அதைவிட முக்கியம், புயலில் அந்தக் கருவி என்ன ஆகும் என்பது.

ஆழ்கடல் அலையின் ஆற்றலைத் தோராயமாக அறிய, குறிப்பிடத்தக்க அலை உயரத்தை (மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி) மீட்டரில் எடுத்து வர்க்கமாக்குங்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான வினாடிகளால் பெருக்கிப் பாதியாக்குங்கள். அலைமுகப்பின் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோவாட் என்று கிடைத்துவிடும். 2 மீட்டர், 8 வினாடி என்றால் 16 கிலோவாட். புயலில் 8 மீட்டர், 12 வினாடி என்றால் 384. வருமானம் தருவது அந்த 16; இரும்பின் கனத்தையும் நங்கூரச் சங்கிலியின் தடிமனையும் முடிவு செய்வது இந்த 384. செலவு எகிறுவது இங்கேதான். புயலின் ஆற்றலையும் பிடிக்கலாம் என்று பெரிய ஜெனரேட்டரை மாட்டினால், ஆண்டில் பெரும்பகுதி அது அரைச் சுமைக்கும் கீழே, குறைந்த திறனில் ஓடும்.

அடுத்தது தேய்மானம். 8 வினாடிக்கு ஓர் அலை என்றால் ஆண்டுக்கு 39 லட்சம் அலைகள்; 20 ஆண்டில் 8 கோடியை நெருங்கும். ஒவ்வோர் அலையும் வெல்டிங் ஓரத்தை ஒருமுறை இழுத்து விடுகிறது. விரிசல் தொடங்குவது அந்த ஓரத்தில்தான். உப்புநீர் அதை வேகப்படுத்தும். அலையின் அசைவை எண்ணெய் அழுத்தமாக மாற்றும் ஹைட்ராலிக் சிலிண்டரின் தண்டு வெளியே நீளும்போது அதில் உப்பும் கடல் சிப்பியும் ஒட்டும். உள்ளே திரும்பும்போது அவை எண்ணெயைத் தடுத்து வைக்கும் அடைப்பு வளையத்தை (சீல்) அறுக்கும். பிறகு எண்ணெய் வெளியேறும், கடல்நீர் உள்ளே வரும். மின்கேபிள் பழுதாவதும் பெரும்பாலும் கருவியை விட்டு வெளிவரும் இடத்தில், ஓயாமல் வளைந்து வளைந்துதான்.

2008-இல் போர்ச்சுகலின் அகுசாதௌராவில் தலா 750 கிலோவாட் திறனுள்ள பெலாமிஸ் என்ற பாம்பு வடிவ மிதக்கும் அலைக்கருவிகள் மூன்று இறக்கப்பட்டன. பேரிங் சிக்கலால் சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்து வந்தார்கள். நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அவை கடலுக்குத் திரும்பவில்லை. ஸ்பெயினின் முத்ரிகுவில் 2011 முதல் இயங்கும் நிலையம் சிறியது: 16 டர்பைன்கள், மொத்தம் 296 கிலோவாட். துறைமுகத்துக்கு எப்படியும் தேவைப்பட்ட அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே காற்றறைகளைக் கட்டிவிட்டார்கள். அலை ஏறி இறங்கும்போது தள்ளப்படும் காற்றுதான் டர்பைனைச் சுற்றுகிறது. நகரும் பாகம் எதுவும் நீருக்குள் இல்லை. பழுதென்றால் நடந்தே போய்ப் பார்க்கலாம். எங்கள் பார்வையில் இந்த வசதி பல நூறு கிலோவாட்டுக்குச் சமம். நடுக்கடல் கருவியைப் படகு நெருங்கிப் பழுதுபார்க்கவோ, கடல் தொடர்ந்து அடங்கியிருக்க வேண்டும். அலை மிகுந்த பருவத்தில் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். நல்ல வருமானம் வரவேண்டிய மாதங்களும் அவைதான்.

கடைசியாக வட்டி. 20 ஆண்டுத் தவணையில் 8% வட்டிக்கு, முதலீட்டில் ஆண்டுக்கு 10.2% திரும்பக் கட்ட வேண்டும். நிரூபிக்கப்படாத கருவி என்று கடன் தருபவர் 15% வட்டி கேட்டால் அது 16% ஆகும். கருவியில் எதுவும் மாறாமலே ஒரு யூனிட்டின் மூலதனச் செலவு பாதிக்கும் மேல் கூடிவிடுகிறது. ஆகவே விற்பவரிடம் உச்சத் திறனைக் கேட்காதீர்கள். ஒரு முழு ஆண்டு, எல்லாப் பருவங்களையும் கடந்து, மின்கட்டமைப்புக்குள் போன நிகர யூனிட் எத்தனை, எத்தனை நாள் நின்று கிடந்தது, ஏன் நின்றது என்று எழுத்தில் கேளுங்கள்.